சூதானத்துக்கு இங்கிலீஷ்

ஆகஸ்ட் 4, திங்கள்

தண்ணீர் மோட்டார் மறுபடி காற்றை இழுக்கிறது. பிளம்பர் நாளை வருகிறேன் என்றான். அவனுடைய நாளை எந்த மாதத்தில் வரும் என்று அவனுக்கே தெரியாது.

காலையில் வக்கீல் தவமணி வந்தார். கல்லூரி வேலையை விட்ட பிறகு எனக்கு இதுதான் பிழைப்பு: கோர்ட்டுக் காகிதங்களைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றித் தருவது. பெரும்பாலும் பாகப்பிரிவினை, ஜீவனாம்சம். இந்த முறை கொலை வழக்கு. ஜாமீன் கேட்டு இங்கே தள்ளுபடியாகி, டெல்லி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகிறார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தமிழ் தெரியாது. நான் எழுதித் தருவதுதான் அவர்கள் கண்ணில் படுகிற வழக்கு.

“ஆள் யார்?” என்றேன்.

“கார்மேகம்னு, சாத்தூர்ப் பக்கம் சார். உங்க காலேஜ்லதான் பி.ஏ. படிச்சானாம். போன வாரம் ஜெயில்ல மனு போட்டுப் பார்க்கப் போனப்ப உங்க பேரச் சொன்னேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு அப்படி ஒரு சிரிப்பு. ‘அந்த சாரா? அப்ப எனக்குக் கவலையில்ல’ன்னுட்டான்.”

நானும் சிரித்து வைத்தேன். காகிதக் கட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பிளம்பர் வரவில்லை. குடத்தில் தண்ணீர் பிடித்து மாடிக்கு நானே தூக்கினேன். இடுப்பு வலி.

கட்டைப் படித்துவிட்டேன். கார்மேகத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் பொன்னையாவுக்கும் வரப்புத் தகராறு. ஒரு நாள் சாயங்காலம் பேசித் தீர்க்கப் போயிருக்கிறான். தோட்டத்துக்குப் பின்னால் கைவிடப்பட்ட கல்குவாரி. பொன்னையா அதில் விழுந்து செத்துப் போனார். வாக்குவாதத்தில் பின்னால் நகர்ந்தவர் கால் சறுக்கி விழுந்தார் என்கிறான் இவன். தள்ளிவிட்டான் என்கிறது போலீஸ். பார்த்தவர் யாருமில்லை.

போவதற்கு முன் தாயும் மகனும் போனில் பேசியது அவன் போனிலேயே பதிவாகியிருக்கிறது. தவமணி அந்தப் பக்கத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு, ‘உயிர்நாடி’ என்று எழுதியிருக்கிறார். தாய் சொல்வது இவ்வளவுதான்:

“அங்க போயி கோவத்தக் காட்டாதடா. சூதானமா காரியத்த முடிச்சிட்டு வந்துரு. ஆத்தா கறிக்கொழம்பு வச்சிருக்கேன்.”

கொலை செய்யப் போகிறவனிடம் ஒரு தாய் இப்படிப் பேசுவாளா என்பதுதான் இவர்கள் வாதம். நல்ல வாதம்தான். தமிழில்.

ஆகஸ்ட் 7, வியாழன்

கார்மேகத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றிருந்தேன். எழுதிவிடுகிறேன்.

அவன் என் வகுப்பில் இருந்த வருடம் ஆங்கிலத் துறைத் தலைவர் பதவி எனக்கு வர வேண்டியது. படிப்பும் எனக்கு, அனுபவமும் எனக்கு. ஆய்வுக் குழு வந்திருந்தது. அரங்கத்தில் மாணவர்களை எழுப்பி, உங்கள் ஆசிரியர்களைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்றார்கள். இவன் கடைசி வரிசை. கேட்காமலேயே எழுந்தான். என்னைக் கைகாட்டி, கணீரென்று சொன்னான்: “ஔர் சார் இஸ் வெரி கன்னிங், சார்.”

அரங்கமே வெடித்தது. குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். நிர்வாகச் செயலாளர் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். இவனும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான், ஏதோ பரிசு வாங்கியவன் மாதிரி.

பதவி இன்னொருவனுக்குப் போனது. எனக்குப் பெயர் கிடைத்தது: கன்னிங் சார். கேன்டீனில் டீ ஊற்றுகிறவன்வரை அந்தப் பெயர். ஏழு வருடம் பொறுத்தேன். பிறகு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

கொடுமை என்னவென்றால், அதற்கு முந்தின வாரம்தான் அந்தச் சொல்லை வகுப்பில் நடத்தியிருந்தேன். ‘அறி’ என்று பொருள்படும் பழைய ஆங்கில வினையிலிருந்து பிறந்த சொல். முதலில் அதற்கு அறிந்தவன், கற்றவன், கைதேர்ந்தவன் என்றுதான் பொருள். அந்தக் காலத்தில் நல்ல தச்சனை அப்படிச் சொல்லிப் பாராட்டினார்கள். வஞ்சகன் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டியது. ஒரு மணி நேரம் தொண்டை வறளச் சொன்னேன். இவன் கடைசி வரிசையில் உட்கார்ந்து கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டு அதே சொல்லால் என்னை அடித்தான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பிளம்பர் வந்தான். வாஷரை மாற்றினான். குளியலறை முழுக்கச் சேறு.

“பாத்ரூம்ல பாசி மாதிரி வழுக்குது, சூதானமா கால வைங்க” என்றாள் வடிவு. என் மனைவி அருப்புக்கோட்டைக்காரி. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அந்தச் சொல் அவள் வாயில் வரும். கேஸ் சிலிண்டரைச் சூதானமாக மூட வேண்டும், சில்லறையைச் சூதானமாக வாங்க வேண்டும், சித்தப்பா மகனிடம் சூதானமாகப் பேச வேண்டும்.

மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். முதல் வாக்கியம் எளிது: கோபத்தைக் காட்டாதே. இரண்டாவதன் முதல் சொல்லில் பேனா நின்றது.

ஆகஸ்ட் 9, சனி

சூதானம். ‘சாவதானம்’ என்ற வடசொல் தெற்கத்தி வாயில் தேய்ந்து இப்படி ஆயிற்று என்பார்கள். கவனம், எச்சரிக்கை. வேறொன்றுமில்லை. ஆனால் சென்னைக்காரன் ஒருவன் இதை முதல்முறை கேட்டால் அவன் காதில் விழுவது ‘சூது’. நாங்கள் படித்த காலத்தில் விடுதியில் ஒரு வடாற்காட்டுப் பையன் இந்தச் சொல்லைக் கேட்டுச் சண்டைக்கே வந்துவிட்டான்.

ஆங்கிலத்தில் இதற்கு உரிய சொற்கள்: கேர்ஃபுல். காஷியஸ். ஸ்காட்லாந்துக்காரர்களிடம் ‘கேனி’ என்று ஒன்று உண்டு. பார்த்து நடப்பவன், ஏமாறாதவன். சூதானத்துக்கு அதைவிடப் பொருத்தம் கிடையாது. இந்தக் கேனியும் கன்னிங்கும் ஒரே வயிற்றில் பிறந்தவை. இரண்டுமே ‘அறி’யிலிருந்து வந்தவை. ஒன்று நல்ல பெயரோடு வாழ்கிறது. மற்றது கெட்டுப் போயிற்று.

அறிந்தவன் என்ற சொல் ஏன் வஞ்சகன் என்று இறங்கியது? அறிந்தவனை உலகம் பொறுப்பதில்லை. அவனிடம் ஏதோ இருக்கிறது, நம்மைக் கவிழ்த்துவிடுவான் என்று பயப்படுகிறது. பிறகு பெயர் வைக்கிறது. நம் ‘சூழ்ச்சி’க்கும் அதே கதிதான். ஒரு காலத்தில் அமைச்சர்கள் கூடி ஆலோசிப்பதற்குப் பெயர் சூழ்ச்சி.

ஆக, கன்னிங் என்று எழுதினால் தவறு என்று யாரும் சொல்ல முடியாது. அறிந்து செய், தேர்ந்து செய் என்பது பொருள். வேர் அதுதான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோழி வாங்கி வந்தேன். ஒன்றும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கார்மேகத்தின் தாய் வந்திருந்தார். சீனியம்மாள். தவமணிதான் விலாசம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இந்த ஆளுக்குப் புத்தியே கிடையாது. அறுபது வயதிருக்கும், ஒல்லி. பஸ்ஸில் வந்த களைப்போடு, ஒரு பை நிறைய வெள்ளரிப்பிஞ்சு. நாற்காலியைக் காட்டினேன். தரையில் உட்காரப் போனார். வடிவு கையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

“எந்த ஊரு நீங்க?” என்று தொடங்கினார்கள் இரண்டு பேரும். ஐந்து நிமிடத்தில் வடிவுக்கு அவர் சம்பந்தி முறை ஆகிவிட்டார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். “சார், எம்மகன எப்படியாச்சும் வெளிய கொண்டாந்துருங்க. செத்தவரோட அக்கா மகன் ஒருத்தன் வேற கேசுல அதே ஜெயிலுக்குள்ள இருக்கான். சோத்துத் தட்டத் தரையில தேச்சு, கூராக்கி, இவன் தோள்ல இழுத்துட்டான். பதினோரு தையல். அடுத்த தடவ கழுத்துன்னு சொல்லியிருக்கானாம்.”

“ஐயையோ” என்றாள் வடிவு.

“இவன வேற பக்கம் மாத்தி வச்சிருக்காக. எத்தன நாளைக்கின்னு தெரியல. ஒவ்வொரு வியாழக்கெழமயும் போயி, சாப்பாட்டு வரிசையில சொவரப் பாத்து நிக்காத, ஆளப் பாத்து நில்லுன்னு சொல்லிட்டு வாரேன். அது ஒண்ணுதான் என்னால ஆனது.”

“நான் எழுதித் தருகிறேன் அம்மா. முடிவெடுப்பது அவர்கள்” என்றேன்.

“நீங்க எழுதினா அது போதும் சார். அவனே சொன்னான். காலேஜ் படிக்கிறப்பவே ஒங்களப் பத்திதான் பேச்சு. எங்க சாரு மாதிரி கெட்டிக்காரரு இந்த ஜில்லாவுல கெடயாதும்மான்னுவான். ஒருக்கா பெரிய ஆபீசருக வந்தப்ப, ஒங்களப் பத்தி எந்திரிச்சு இங்கிலீசுல பேசினானாமே! சாருகிட்ட படிச்ச வார்த்தைய வச்சே பேசினேன்மா, எல்லாரும் சந்தோசத்துல சிரிச்சாக, சாரு மட்டும் மொகத்தத் திருப்பிக்கிட்டாரு, கூச்சப்படுறாருன்னான்.”

வடிவு என்னைப் பார்த்தாள். நான் வெள்ளரிப்பிஞ்சுப் பையை எடுத்து அடுப்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

எவ்வளவு தூரம் யோசித்து வைத்திருக்கிறான். தாயிடமே கதையை மாற்றிச் சொல்லி, இன்றைக்கு அவரை என் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறான். கம்பிக்கு அந்தப் பக்கம் சிரித்த சிரிப்புக்குப் பொருள் இப்போது புரிகிறது.

ஆகஸ்ட் 13, புதன்

முடித்துவிட்டேன். தட்டச்சு செய்து, மூன்று முறை சரிபார்த்தேன். ஒரு சொல்லையும் விடாமல் பெயர்ப்பது என் வழக்கம். கறிக்குழம்பையும் விடவில்லை.

மாலையில் தவமணி வந்தார். புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“ஒருமுறை படித்துவிடுங்கள்” என்றேன். சொன்னேன். அதை இங்கே குறித்து வைக்கிறேன்.

“நீங்க பார்த்தா நான் பார்த்த மாதிரி சார். என் இங்கிலீஷுக்கு உங்கள்ல தப்புக் கண்டுபிடிக்கிறதா?” என்று சிரித்துக்கொண்டே பைக்குள் வைத்தார்.

அவர் போன பிறகு வடிவு கேட்டாள்: “அந்தம்மா சூதானமா இருன்னு சொன்னாகள்ல, அத இங்கிலீஷ்ல எப்படிப் போட்டீங்க?”

“அதற்கு நேர்ச்சொல் கிடையாது.”

“இம்புட்டுப் பெரிய பாஷையில இதுக்கு ஒரு வார்த்த இல்லியா?”

“இல்லை.”

“பாவம், வெள்ளைக்காரன்” என்றாள். “அதான் ஊரு ஊராப் போயி மாட்டிக்கிட்டான் போல.”

ஆகஸ்ட் 15, வெள்ளி

தெருவில் ஒலிபெருக்கி. தலைவலி.

ஆகஸ்ட் 20, புதன்

டெல்லியிலிருந்து போன். நந்திதா என்று ஒரு பெண் வக்கீல், சின்ன வயதுக் குரல். ஆங்கிலத்தில்தான் பேசினோம். நன்றாகப் பேசுகிறாள். இந்த ஊரில் அப்படி ஒரு ஆங்கிலம் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று.

நாளைக்கு மனு விசாரணைக்கு வருகிறதாம். மொழிபெயர்ப்பில் ஒரு சொல் உறுத்துகிறது என்றாள். எந்தச் சொல் என்று கேட்டேன். சொன்னாள்.

“நாங்கள் அந்தப் போன் பேச்சைத்தான் நம்பியிருக்கிறோம். கோபத்தைக் காட்டாதே, கன்னிங்காக முடித்துவிட்டு வா, கறி சமைத்திருக்கிறேன் என்று வந்தால், அது வேறு மாதிரி ஒலிக்கிறதே, சார். வேறு சொல் போட முடியுமா?”

மூலச்சொல்லை ஒருமுறை உச்சரித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். “அதற்குள்ளே சூது என்று கேட்கிறதே. ஒரு தமிழ்ப் படத்தின் பெயரில் கேட்ட சொல். சூது என்றால் என்ன?”

“வஞ்சனை. சூதாட்டம்” என்றேன்.

“ஓ” என்றாள்.

நான் பொய் சொல்லவில்லை. சூது என்றால் அதுதான். சூதானத்துக்கும் அதற்கும் உறவு உண்டா என்று அவள் கேட்கவில்லை. பிறகு கன்னிங் என்ற சொல்லின் பிறப்பை அவளுக்கு விளக்கினேன். அறிவிலிருந்து வந்தது, பழிச்சொல்லாகவே கொள்ள வேண்டியதில்லை, நீங்கள் அப்படி வாதாடலாம் என்றேன். பொறுமையாகக் கேட்டாள்.

“நீதிபதியிடம் சொற்பிறப்பு எடுபடாது, சார். ஆனால் மொழிபெயர்ப்பாளர் நீங்கள். சரி என்று நீங்கள் சொன்னால் சரி. சரிதானே?”

“சரிதான்” என்றேன்.

போனை வைத்த பிறகுதான் மதியம் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

ஆகஸ்ட் 21, வியாழன்

கண் பரிசோதனைக்குப் போனேன். பவர் கூடியிருக்கிறது. வரும் வழியில் தவமணியின் போன். தள்ளுபடி.

“என்ன சொன்னார்கள்?”

“ஒண்ணும் பெருசா சொல்லல சார். ரெண்டு நிமிஷம்தான். ஆர்டர் வரட்டும்.”

ஆகஸ்ட் 25, திங்கள்

மோட்டார் நன்றாக ஓடுகிறது. வடிவு இரண்டு நாளாக என்னிடம் அதிகம் பேசுவதில்லை. மூட்டு வலியாக இருக்கலாம். கேட்டேன். “ஒண்ணுமில்ல” என்றாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

சீனியம்மாள் மறுபடி வந்தார். கையில் டெல்லி உத்தரவின் நகல். தவமணி ஊரில் இல்லையாம்; அவருடைய குமாஸ்தா கொடுத்து அனுப்பியிருக்கிறான். இரண்டே பக்கம்.

“இதுல என்ன போட்டுருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க சார். எதுக்கு மாட்டேன்னாக?”

தவமணி வந்து சொல்வாரே என்றேன்.

“நீங்கதான சார் எழுதுனீங்க. நீங்களே சொல்லுங்க. எங்கொறையா, அவங்கொறையான்னு தெரிஞ்சுக்கிருதேன்.”

வடிவு கதவில் சாய்ந்து நின்றாள். அடுப்படிக்குப் போகச் சொன்னேன். போகவில்லை.

முதல் பக்கத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். இரண்டாம் பக்கம் அந்த வாக்கியம். மனுதாரரின் தாயே, கோபத்தை மறைக்கும்படியும், காரியத்தைக் கன்னிங்காக முடித்துவரும்படியும் மகனுக்குச் சொல்லி, விருந்தும் தயாரித்து வைத்திருக்கிறார். இது திடீரென்று நேர்ந்த சம்பவமாகத் தோன்றவில்லை.

அந்தச் சொல் வந்த இடத்தில் நின்றேன். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குத் திரும்ப எடுக்க வேண்டும். தந்திரமாக என்று சொல்லலாம். வஞ்சகமாக என்று சொல்லலாம். சொன்னால் உடனே கேட்பார்: நான் அப்படிச் சொல்லவே இல்லையே, யார் மாத்தினது?

“கோபத்தைக் காட்டாதே, சூதானமாக முடித்துவிட்டு வா என்று நீங்கள் சொன்னீர்களாம். அதனால்தான் என்று போட்டிருக்கிறது” என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். “ஆமா சார். அப்படித்தான சொன்னேன்.”

“ஆமாம்.”

“அது தப்பா சார்?”

காகிதத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பினேன்.

“சூதானமா இருன்னு சொன்னதுக்கா?” மறுபடி கேட்டார். “பெத்தவ வேற என்னத்தச் சொல்லுவா? அப்ப நாந்தான் அவன உள்ள வச்சிட்டேனா?”

வடிவு வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். சட்டத்தில் சொற்களை வேறு விதமாகப் பார்ப்பார்கள் என்று ஏதோ சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். காகிதத்தை என்னிடமிருந்து வாங்கி நாலாக மடித்தார்.

“வாயில வந்தது நல்ல வார்த்தைன்னு நெனச்சுத்தான் சொன்னேன் சார். படிச்சவுகளுக்கு அது எப்படிக் கேக்கும்னு எனக்கு என்ன தெரியும்?”

பஸ் ஏற்றிவிட வடிவு கூடப் போனாள். திரும்பி வர வெகு நேரமாயிற்று.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆசிரியர் தினம். பழைய மாணவர் இரண்டு பேர் வாழ்த்து அனுப்பியிருந்தார்கள். பதில் போட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

காலையில் தோசை. வடிவு தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். எப்போதும் இப்படி நிற்கமாட்டாள்.

“நேத்து சீனியம்மா மகனப் பாக்கப் போயிருந்தாகளாம். ராத்திரி போன் பண்ணாக.”

“ம்.”

“அந்தக் கழுத்துல போடுவேன்னவன, இவன் இருக்கிற பக்கத்துக்கே மாத்திட்டாகளாம். வெளிய வார்டர் ஒருத்தரு சீனியம்மா காதுல போட்டாராம். இவனுக்கு அது தெரியாது.”

“சீனியம்மாள் மகனிடம் சொல்லியிருப்பாரே.”

“சொல்லல.” வடிவின் குரல் ஒரு மாதிரி இருந்தது. “கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஜெயில்ல பேசக் குடுக்குற போனக் கையில வச்சுக்கிட்டு ஒக்காந்துருந்தாகளாம். அவன் அம்மா அம்மான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்துருக்கான். இவுக வாயே தொறக்கல. போன்ல பேசுறத எல்லாம் பிடிச்சு வைப்பாக, நான் ஒண்ணு சொல்லி அது மறுபடி அவனுக்கு வினையாகிப் போச்சுன்னா என்ன செய்யன்னு அழுகுறாக. நேரம் முடிஞ்சதும் எந்திரிச்சு வந்துட்டாக.”

தோசை ஆறிக்கொண்டிருந்தது.

“ஒங்கள அவன் நம்புறான்ல” என்றாள். “நீங்களாச்சும் போயி, அவன்கிட்ட அந்த ஒரு வார்த்தையச் சொல்லிட்டு வாங்க.”

பார்க்கிறேன் என்றேன். ஜெயிலில் மனுப் போட்டு ஆளைப் பார்ப்பது வியாழக்கிழமைகளில்தான். இன்று வெள்ளி.